போயாவுக்கு முன் அந்தப் போத்தல்களை எறிந்துவிடு

மகன்,

ஸலாம். நீயும் மருமகளும் சின்னவளும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உம்மாவும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை எழுத முடியவில்லை. நேற்றுப் பின்னேரம் நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ என்ன, சாதாரணமாகத்தான் அனுப்பினாய். புதிதாக வாங்கிய பழைய கார். பொனட் திறந்திருக்கிறது. பக்கத்தில் கூலன்ட் கேன். பௌர்ணமிப் போயா லீவுக்கு வீட்டிலேயே பழைய கூலன்டை வடித்துக் கழுவிப் புதிது ஊற்றப் போகிறாய், எப்படி என்று வாப்பா சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்த்தால் காரைத்தான் பார்ப்பார்கள். நான் பார்த்தது குசினிப் படியில் வரிசையாக நின்ற ஆறு வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை. வேலை செய்கிற ஹோட்டலில் எறிவதை எடுத்து வந்தேன், பழையதை இதில் வடித்து வைக்கலாம் என்று நீ குரலும் பதிந்திருந்தாய். படத்தின் ஓரத்தில் சின்னவளின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அரை நிமிஷத்தில் உனக்குப் போன் எடுத்தேன். காரில் கை வைக்காதே, போத்தலை எல்லாம் எறி என்று கத்தினேன். நீ சிரித்தாய். "தண்ணி மாத்துறதுக்கு என்னத்துக்கு வாப்பா இவ்வளவு பயம்?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மருமகளிடம் சொல்லியிருப்பாய். சொல்லியிருந்தாலும் பிழையில்லை.

குரல் பதிந்து அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ எதையும் காதில் வைத்துக் கேட்கிறவன் இல்லை, ஊருக்கே போட்டுக் காட்டுவாய். அதோடு, என் குரல் நடுவில் உடைந்துபோனால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் பாதியில் நிற்கிறது. அதனால் சின்னப் பிள்ளைகளின் கொப்பி ஒன்று வாங்கி வந்து, உம்மா அஸருக்குத் தொழுகிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயாக எதையாவது செய்து வைப்பாய். நீ என் பிள்ளைதானே, எந்த கராஜ் பாஸிடமும் வண்டியைக் கொடுக்க மாட்டாய். காலையில், என்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது தொடங்கு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஆறியிருந்தாலும் துணியைப் போட்டு மெதுவாகத் திருகு, அவசரப்படாதே. அடியில் அகலமான பேசின் ஒன்றை வைத்து, கீழே இருக்கும் வடிகால் திருகைக் கழற்று. முழுக்க வடிந்ததும் பூட்டி, வெறும் தண்ணீர் நிரப்பி, காற்றாடி சுற்றத் தொடங்கும்வரை என்ஜினை ஓடவிடு. நிறுத்தி, ஆற வைத்து, மறுபடி வடித்துவிடு. தெளிந்த தண்ணீர் வரும்வரை அப்படியே. பிறகு கூலன்டையும் பெட்டரிக்கு விடுகிற தண்ணீரையும் கேனில் எழுதியிருக்கும் அளவுக்குக் கலந்து ஊற்று. ஊற்றியதும் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டு, குமிழி வந்து நிற்கும்வரை பக்கத்திலேயே இரு. உள்ளே காற்று அடைத்திருந்தால் மீட்டர் முள் ஒழுங்காக நிற்கும், என்ஜின் வெந்துகொண்டிருக்கும். முள்ளை நம்பாதே. கதவைப் பூட்டிச் சின்னவளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மருமகளிடம் சொல். வடித்தது ஒரு சொட்டும் நிலத்தில் கிடக்கக் கூடாது, நாய் நக்கினாலும் செத்துப்போகும். வடித்ததையும் கழுவியதையும் கூலன்ட் வந்த மாதிரிக் கேன்களிலேயே ஊற்றி, மேலே பெரிதாக நஞ்சு என்று எழுதி, அன்றைக்கே கராஜில் கொண்டுபோய்க் கொடு. குடிக்கிற போத்தலில் ஊற்றாதே. ஒரு மணித்தியாலத்துக்குக்கூட ஊற்றாதே. ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கொப்பி.

உனக்கு அப்போது ஐந்து வயது. நான் ஸ்கூல் வேன் ஓடிக்கொண்டிருந்தேன், உனக்கு நினைவிருக்கும். அந்த வேனில் எங்கேயோ ஒரு சின்ன ஒழுக்கு, மேட்டில் ஏறும்போதெல்லாம் தண்ணீர் குறைந்துபோகும். ஆகஸ்ட் லீவில் ஒரு வியாழக்கிழமை, அலுவிகாரைக்கு இந்தப் பக்கம் நம் வீட்டு முற்றத்தில் வைத்து, இப்போது நீ செய்யப்போவதையேதான் செய்தேன். முதலில் வடிந்த கடும் பச்சையைக் கேனில் ஊற்றிவிட்டேன். அதில் எனக்குக் கவனம் இருந்தது. பிறகு கழுவி வடித்த தண்ணீரை மூன்று போத்தலில் பிடித்தேன். பாதி கூலன்ட் கலந்த தண்ணீர் சும்மா தண்ணீரைவிட நல்லதுதானே, வழியில் குறைந்தால் ஊற்றலாம் என்று என் கெட்டித்தனம். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் தெரிகிற அளவுக்குத்தான் பச்சை. இளஞ்சூடாக இருந்ததால் மூடியைப் பூட்டாமல், ஆறட்டும் என்று முன்வாசல் ஜன்னல் படியில் வைத்தேன்.

அந்த ஜன்னல் படி எதற்கு என்று உனக்கு இப்போது தெரியாது. அப்போது நம் வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால், வியாழக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு உம்மா ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் தளர்த்தி அங்கேதான் வைப்பாள். பொழுதுபட மஃரிபுக்குப் போகும்போது நான் அதைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போவேன். தொழுது வெளியே வருகிறவர்கள் வாசலில் நின்று ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். அதைக் கொண்டுவந்து நோயாளிக்குக் கொடுப்போம். உனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். உம்மா பைப் தண்ணீர் மருந்து மணக்கிறது, ஓதுவதற்குக் கிணற்றுத் தண்ணீர்தான் நல்லது என்று கீழே போய் அள்ளி வந்து வைத்திருந்தாள். என்னிடம் சொல்லியும் இருந்தாள். நான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டு, பாங்கு சொல்லிவிட்டார்கள் என்ற அவசரத்தில், மங்கல் வெளிச்சத்தில், கைக்கு அகப்பட்ட போத்தலை எடுத்துக்கொண்டு போனேன். நாலு போத்தல் நின்றது மகன். நாலில் ஒன்றுதான் தண்ணீர்.

பத்துப் பதினைந்து பேர் உனக்காக ஓதி ஊதினார்கள். அவர்கள் ஓதியதில் ஒரு குறையும் இல்லை. போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தவன் நான். அன்றைக்குக் காய்ச்சல் மயக்கத்தில் நீ இரண்டு மிடறுதான் குடித்தாய். வெள்ளி விடிய, சுபஹுக்குப் பிறகு காய்ச்சல் விட்டிருந்தது, எழுந்து உட்கார்ந்து முழு கிளாஸும் குடித்துவிட்டு, "தண்ணி இனிக்கிது உம்மா, இன்னம் கொஞ்சம் தாங்க" என்று கேட்டாய். உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓதினதுடைய பரக்கத் என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவள் ஒரு துளியும் வாயில் வைக்கவில்லை, பிள்ளைக்கு ஓதினது குறையக் கூடாது என்று. மறுபடி அரைக் கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள்.

பத்து மணிக்கு நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். குடிகாரன் பேசுவது மாதிரி நாக்கு குழறியது. முதலில் விளையாடுகிறாய் என்று உம்மா சிரித்தாள். பிறகு வாந்தி, பிறகு நீ கண்ணைத் திறக்கவில்லை, மூச்சு மட்டும் ஓடி வந்தவனுக்கு வாங்குவது மாதிரி வாங்கியது. மாத்தளை ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே அம்புலன்ஸில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டொக்டர், டொக்டர் நோனா, உம்மாவையும் என்னையும் நிறுத்தி, பிள்ளை ஏதாவது குடித்ததா, வீட்டில் மருந்து, எண்ணெய், வாகனச் சாமான் ஏதாவது கையெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். வாகனச் சாமான் என்ற சொல் காதில் விழுந்தது. ஜன்னல் படி கண்ணுக்குள் வந்தது. அப்படி இருக்காது, இருக்கவே கூடாது என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை என்று நான்தான் சொன்னேன். உம்மா ஆம் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள், என்னை நம்பி.

உடுப்பு எடுத்து வருகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு ஓடி வந்தேன். ஜன்னல் படியில் மூன்று போத்தல். இரண்டில் அந்த மங்கல் பச்சை. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், அவள் அள்ளி வைத்த அளவு அப்படியே. பச்சையை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? உன்னிடம் ஓடவில்லை. அந்த இரண்டையும், மேசையில் நீ மிச்சம் வைத்த போத்தலையும் எடுத்து, கக்கூஸில் ஊற்றி, கழுவி, நசுக்கி, வாழையடியில் புதைத்தேன். கண்டிக்குத் திரும்பும்போது பொழுது பட்டுவிட்டது. வார்டு வாசலில் உன் மாமாமார் இரண்டு பேரும் நின்றார்கள். உம்மா தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தாள். அவர்களைத் தாண்டிப் போய், வெளியே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தேன். மறுநாள் காலை அந்த டொக்டர் நோனா வரும்வரை நான் சொல்லவில்லை. ஒரு முழு இரவு, நீ உள்ளே கிடக்க, நஞ்சு என்னவென்று தெரியாமல் அவர்கள் தேடிக்கொண்டிருக்க, தெரிந்தவன் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

காலையில் அவரைத் தனியாக மறித்துச் சொன்னேன். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை, உள்ளே ஓடினார். ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினில் ஒன்பது நாள் உன்னைப் போட்டார்கள். அல்லாஹ் உன்னைத் திருப்பித் தந்தான். உன் கிட்னி முந்தியைப் போல இருக்காது, வருஷத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். வருஷா வருஷம் ரத்தம் பார், ரத்தம் பார் என்று நான் உன்னை நச்சரிப்பது இதற்குத்தான். வாப்பாவுக்கு வருத்தம், நோய் என்றால் பயம் என்று நீயும் மருமகளும் கேலி பண்ணுவீர்கள். இனிமேல் எந்த டொக்டர் கேட்டாலும், சின்ன வயதில் கூலன்ட் குடித்திருக்கிறேன் என்று சொல். நாங்கள் உனக்குச் சொல்லி வைத்த மாதிரி, காய்ச்சலில் கிடந்தேன் என்று சொல்லாதே.

பிள்ளை ஏதோ நஞ்சு குடித்திருக்கிறது என்றுதான் உம்மாவுக்குத் தெரியும். எங்கே இருந்து வந்தது என்று அவளுக்குச் சொல்வதை டொக்டர் என்னிடம் விட்டார். நான் சொல்லவில்லை. அவளே யோசித்து முடிவெடுத்தாள். அந்தக் கிணறு நமக்கும் கீழ்வீட்டு மெனிக்கேக்கும் பொது. பக்கத்தில் அவர்களுடைய போஞ்சிப் பாத்தி, மெனிக்கேயின் புருஷன் அந்த வாரம் பூச்சி மருந்து அடித்திருந்தான். மருந்து கிணற்றில் இறங்கிவிட்டது, அதைத் தன் கையாலேயே அள்ளித் தன் பிள்ளைக்கு ஊற்றிவிட்டதாக உம்மா நினைத்துக்கொண்டாள். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே மெனிக்கேயின் முற்றத்துக்குப் போய், என் பிள்ளைக்கு நஞ்சு கொடுத்துவிட்டீர்கள் என்று சிங்களத்தில் கத்தினாள். நான் பின்னால் நின்றேன். அந்த மனிசி என்னைப் பார்த்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. உம்மாவும் அவளும் எப்படி இருந்தார்கள் தெரியுமா? பெருநாளைக்கு நம் வட்டிலப்பம் அங்கே போகும், சித்திரைக்கு அவர்களுடைய கெவும் பலகாரம் இங்கே வரும். உம்மா உன்னைப் பெறப் போன இரவில் கூடப் போனவள் மெனிக்கே. எல்லாம் அன்றோடு நின்றது. கிணற்றை மூட வேண்டும் என்று உம்மா சொன்னாள். ஒரு குற்றமும் செய்யாத கிணற்றுக்கு நானே சீமெந்து குழைத்து மூடி போட்டேன். அதற்குப் பிறகு உம்மா ஒரு நாளும் ஜன்னல் படியில் போத்தல் வைக்கவில்லை. உன் தங்கச்சிக்கு டெங்கு வந்து கிடந்தபோதும் வைக்கவில்லை. தன் கை ராசி இல்லாத கை என்று ஒரு முறை சொன்னாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதலில் பொலிஸுக்குப் பயம். பிறகு ஊரார் பிள்ளைகளை என் வேனில் அனுப்ப மாட்டார்கள் என்ற பயம். உன் மாமாமாருக்குப் பயம். நீ நன்றாக ஓடி விளையாடத் தொடங்கிய பிறகு, இனிச் சொல்லி என்ன என்று மனதை ஆற்றினேன். அந்த ஆறுதல்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அன்றையிலிருந்து எந்த வீட்டில் தண்ணீர் தந்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன், சம்பந்தி வீட்டில்கூட. வேனில் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகும் போத்தல்களைப் பின்னேரம் எண்ணி எடுத்து வெளியே வைப்பேன். நேற்று உன் படத்தில் ஆறு போத்தலைப் பார்த்தபோது, சொல்லாமல் விட்டதால் என் பிழை நீ இருக்கிற சீகிரியா வரைக்கும் வந்து என் பேத்தியின் செருப்புப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. உனக்கு யார் சொல்லித் தந்திருந்தால் நீ அந்தப் போத்தல்களைப் பொறுக்கியிருக்க மாட்டாய்? நான்தானே.

இதுவரை திங்கட்கிழமை எழுதியது. இன்று செவ்வாய்.

உனக்கு எழுதிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் இருப்பது இன்னொரு களவு என்று பட்டது. அதனால் நேற்று அவள் காய்ந்த உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஜன்னல் படியிலிருந்து தொடங்கி முழுக்கச் சொன்னேன். நடுவில் அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. சத்தம் போடுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தேன். என்னை அடித்திருந்தாலும் எனக்கு லேசாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் அடுக்கி அலுமாரியில் வைத்துவிட்டு வந்து, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டொக்டர் கேட்ட நேரம் நீங்க எனக்குப் பக்கத்துலதானே நின்னீங்க?"

நின்றேன் என்றேன். அவள் பாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

இன்று காலை முக்காட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.  ஜன்னலால் பார்த்தேன். மெனிக்கேயின் முற்றத்தில் போய் நின்றாள், கூப்பிடவில்லை, சும்மா நின்றாள். மெனிக்கே வெளியே வந்து எட்ட நின்றே பார்த்தாள். அவளுக்கும் தலை வெளுத்துவிட்டது. உம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெனிக்கே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், உம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, கிணற்றுப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெனிக்கே ஒரு முறை தலையைத் தூக்கி நம் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். நான் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். அறுபது வயதில் திரைக்குப் பின்னால் ஒளிந்தேன் மகன்.

திரும்பி வந்து உம்மா உடுப்புப் பை கட்டினாள். உன் வீட்டுக்குப் போகிறாளாம், தம்புள்ளை பஸ்ஸில். போஸ்டுக்கு வைத்திருந்த இந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "காயிதத்தைத் தாங்க, நானே கொண்டுபோறேன்" என்றாள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையால் காட்டினாள். அதனால்தான் இந்தக் கடைசிப் பக்கத்தை அவசரத்தில் எழுதுகிறேன்.

போத்தல்களை அவள் வந்து இறங்குவதற்கு முன் எறிந்துவிட முடியாது, போனில் சொன்னால் மறுபடி சிரிப்பாய், இந்தக் கொப்பி அவள் கையில்தான் வருகிறது. வாசித்த உடனே எறி. அவள் கண்ணில் பட வேண்டாம். என்னை மன்னிப்பதா இல்லையா என்று நீ மெல்ல யோசி, அவசரமில்லை, நீ மன்னிக்காவிட்டாலும் அது நியாயம்தான். ஆனால் நீ மன்னித்தால் உன் பங்கை மட்டும் மன்னி. உம்மாவின் இருபத்திரண்டு வருஷத்துக்கு நீ பதில் சொல்ல வராதே. வாப்பா தனியாக இருப்பார், போங்க உம்மா என்று என் பேரைச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பாதே. அவளுக்கு எத்தனை நாள் இருக்க மனமோ அத்தனை நாள் இருக்கட்டும்.

எத்தனை நாளைக்கு உடுப்பு எடுத்திருக்கிறாள் என்று பையைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அது கதவடியில்தான் இருக்கிறது. அவள் குசினியில் நிற்கிறாள். தூக்கிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
வாப்பா